குழந்தைகளோடு வேலை: எந்தப் பட்டம் படிப்பது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எந்த வழிகாட்டி முகாமில் உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். "சின்னப் பசங்கன்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும் சார். என்ன கோர்ஸ் எடுக்கலாம்?" பெண் கேட்டு முடிப்பதற்குள் அம்மா முந்திக்கொள்வார்: "டீச்சர் டிரெய்னிங்தான் சார், அதுதான் பொம்பளைப் பிள்ளைக்குச் சரி." பெண் தலையாட்டிவிடுவாள். ஐந்தாறு வருட வாழ்க்கை அரை நிமிடத்தில் முடிவாகிவிடும்.

அந்த அரை நிமிடத்தைக் கொஞ்சம் நீட்டுவதற்குத்தான் இந்த அத்தியாயம். நான் திருப்பிக் கேட்பது மூன்று கேள்வி. எந்த வயதுக் குழந்தை? ஒரே நேரத்தில் எத்தனை பேர்? அவர்களோடு நீங்கள் செய்யப்போவது என்ன, பாடமா, சிகிச்சையா, பாதுகாப்பா? முப்பது மழலைகளை ஆட்டம் பாட்டமாக ஒரு நாள் முழுக்கச் சமாளிக்கக்கூடிய பெண்ணுக்கு, ஒரே ஒரு பையனோடு முக்கால் மணி நேரம் தரையில் உட்கார்ந்து அவன் வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பது சித்திரவதையாக இருக்கும். இதையே மாற்றிச் சொன்னாலும் சரிதான். இரண்டு பேருக்கும் குழந்தைகளைப் பிடிக்கும். ஆனால் இரண்டு பேரும் ஒரே பட்டம் படிக்க முடியாது.

பட்டத்தை முதலில் தேடாதீர்கள், வேலையை முதலில் தேடுங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. நம் நாட்டில் இந்த வேலைகள் வெவ்வேறு குழுமங்களின் கையில் இருக்கின்றன. பள்ளி ஆசிரியர் படிப்புகளுக்கு என்.சி.டி.இ. எனப்படும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். சிறப்புக் கல்வி, பேச்சு–செவித்திறன், மருத்துவ உளவியல் ஆகியவற்றுக்கு ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமம். நர்சிங்குக்கு வேறு. ஒன்றின் கீழ் வாங்கிய சான்றிதழ் பொதுவாக இன்னொன்றின் வேலைக்குச் செல்லாது. பட்டத்தின் பெயரில் 'சைல்டு' என்று இருக்கிறதே என்று நம்பிச் சேர்ந்து, படித்து முடித்தபின் எந்த வேலை விளம்பரத்திலும் அந்தப் பட்டத்தைக் காணாமல் விழிப்பவர்கள் வருடா வருடம் வருகிறார்கள். ஆகவே பின்னாலிருந்து வாருங்கள். நீங்கள் விரும்பும் வேலைக்குக் கடைசியாக வந்த அரசு அறிவிப்பையோ பள்ளி விளம்பரத்தையோ எடுத்து, 'கல்வித் தகுதி' என்ற பத்தியை இரண்டு முறை படியுங்கள். கல்லூரி விண்ணப்பத்தை அதற்குப் பிறகு வாங்கலாம்.

மூன்று முதல் ஆறு வயது

ஜூன் முதல் வாரத்தில் ஏதாவது ஒரு எல்.கே.ஜி. வகுப்பின் வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். ஒரு குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழும். அதைப் பார்த்து இன்னும் இரண்டு அழும். மிஸ் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொன்றின் ஸ்நாக்ஸ் டப்பா மூடியைத் திறந்துகொடுத்து, மூன்றாவதை ஆயாவோடு பாத்ரூமுக்கு அனுப்பி, இவற்றுக்கு நடுவே பாட்டையும் நிறுத்தாமல் பாடிக்கொண்டிருப்பார். மதியம் வீட்டுக்குப் போகும்போது தொண்டை கட்டியிருக்கும், இடுப்பு வலிக்கும். 'அ' எழுதச் சொல்லிக்கொடுப்பது இந்த வேலையில் மிகச் சிறிய பகுதி.

இந்த வயதுக்கான வேலைதான் தகுதி விதிகள் மிகவும் தளர்ந்து கிடக்கிற இடம். தனியார் நர்சரிப் பள்ளிகள் பெரும்பாலும் ஏதோ ஒரு டிகிரி, கொஞ்சம் ஆங்கிலம், வீட்டுக்குப் பக்கம் என்ற மூன்றையும் பார்த்தே வேலை கொடுத்துவிடுகின்றன. சம்பளமும் அதற்கேற்றாற்போலத்தான். மாண்டிசோரி டிப்ளமோ வைத்திருந்தால் ஒரு படி மேலே. மரியா மாண்டிசோரி 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்புகள் நடத்தியவர். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றியவர். அந்த வகையில் இந்த முறைக்கும் நமக்கும் பழைய உறவு. ஆனால் அந்தப் பெயருக்கு யாருக்கும் ஏகபோக உரிமை கிடையாது என்பதால் மாடி வீட்டில் இரண்டு அறை எடுத்து 'மாண்டிசோரி டீச்சர் டிரெய்னிங்' என்று போர்டு மாட்டுவதை யாரும் தடுக்க முடியாது. மாண்டிசோரி 1929இல் தொடங்கிய சர்வதேச சங்கமான ஏ.எம்.ஐ.யின் டிப்ளமோவும், மூன்று மாத ஆன்லைன் சான்றிதழும் விளம்பரத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். சேருமுன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பயிற்சிக் கருவிகளைக் கையில் எடுத்து எத்தனை மணி நேரம் பழகவிடுவீர்கள், எந்தப் பள்ளியில் எத்தனை வாரம் குழந்தைகளோடு உட்காரவைப்பீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் எழுந்துவிடலாம். எந்த மாண்டிசோரி டிப்ளமோவாக இருந்தாலும் அரசு ஆசிரியர் பணிக்கு அது கணக்கில் வராது என்பதும் நினைவிருக்கட்டும்.

என்னைக் கேட்டால், இந்த வயதுக் குழந்தைகளோடுதான் வேலை என்று தீர்மானித்தவர்கள் மனையியல் அல்லது மனித மேம்பாட்டுத் துறையில் மூன்று வருடப் பட்டம் படிப்பது நல்லது. கோவை அவினாசிலிங்கம் இந்தத் துறைக்குப் பேர்போன இடம்; சென்னையிலும் சில மகளிர் கல்லூரிகளில் மனையியல் இருக்கிறது. ஊட்டச்சத்து, குழந்தை வளர்ச்சி, குடும்பம் மூன்றையும் சேர்த்துப் படிப்பதால் பின்னால் பாதைகள் கிளைக்கும். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் தேர்வுக்கு இந்த வகைப் பட்டங்கள் தகுதி தருகின்றன. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய, ஐ.சி.டி.எஸ். எனப்படும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளை வட்டார அளவில் மேற்பார்வையிடுவது அந்த அலுவலர்தான். அங்கன்வாடிப் பணியாளராவதற்குப் பட்டம் வேண்டாம். ஆனால் அது முழுநேர அரசு ஊதியம் உள்ள பணியும் அல்ல. 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது இந்தத் துறைக்குப் புதுக் கதவு திறந்ததாகப் பலர் நம்பினார்கள். தற்காலிக நியமனம், தொகுப்பூதியம் என்ற அளவில்தான் அது நின்றுவிட்டது.

ஒன்றிலிருந்து ஐந்து

இங்கேதான் மாமா, பெரியப்பா சொல்லும் பழைய யோசனை அதிகம் காலைவாரும். "முதல்ல ஒரு டிகிரி, அப்புறம் பி.எட்., எந்த கிளாஸ் வேணும்னாலும் எடுக்கலாம்" என்பார்கள். எடுக்க முடியாது. 2018இல் என்.சி.டி.இ. ஓர் அறிவிப்பு வெளியிட்டு பி.எட். படித்தவர்களையும் தொடக்க வகுப்புகளுக்கு அனுமதித்தது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று ஆக்கிவிட்டது. ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்தை அறிமுகப்படுத்துவது தனிப் பயிற்சி, பி.எட். அந்தப் பயிற்சியைத் தருவதில்லை என்பதே தீர்ப்பின் சாரம். எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு. பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தத் தெரிந்தவருக்கு, 'ப'வையும் 'ம'வையும் குழப்பிக்கொள்ளும் குழந்தையை என்ன செய்வதென்று தானாகத் தெரிந்துவிடாது.

ஆகவே ஒன்று முதல் ஐந்து வரைதான் உங்கள் இடம் என்றால், பிளஸ் டூ முடித்ததும் இரண்டு வருட தொடக்கக் கல்விப் பட்டயம், அதாவது டி.எல்.எட். அரசின் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் சேர்ந்தால் செலவு மிகக் குறைவு. 'டிகிரி இல்லையே, டிப்ளமோதானே' என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். அதை முடித்துவிட்டு இளங்கலையும் படியுங்கள். பதவி உயர்வுக்கு அது தேவைப்படும். வரிசை மாறக்கூடாது, அவ்வளவுதான்.

அடுத்தது டெட். 2009 கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பின் ஒன்று முதல் எட்டு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம். முதல் தாள் ஐந்தாம் வகுப்பு வரை, இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வரை. 150 மதிப்பெண்ணுக்குப் பொதுப்பிரிவினர் 90 எடுக்க வேண்டும். சான்றிதழ் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் டெட் பாஸானால் வேலை என்று நினைத்து இனிப்பு வாங்கிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் தகுதித் தேர்வுக்கு மேல் தனியாக ஒரு போட்டித் தேர்வு இருக்கிறது. டெட் தேர்ச்சி பெற்றுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து, சென்னையில் போராட்டத்தில் உட்கார்ந்தவர்களைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அரசு வேலையை மட்டுமே நம்பி இந்தப் படிப்பில் சேராதீர்கள்.

ஆறுக்கு மேல்

இங்கே குழந்தையை விடப் பாடம் முக்கியம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை உங்கள் பிரியத்தைப் பார்த்து மசிய மாட்டான். கணக்கு உங்களுக்கு வருகிறதா என்று பார்ப்பான். ஆகவே பிடித்த பாடத்தில் பட்டம், அதன்பின் இரண்டு வருட பி.எட். இதில் ஒரு பொறி இருக்கிறது. தமிழகத்தில் பி.எட். சேர உங்கள் இளங்கலை பள்ளியில் நடத்தப்படும் பாடத்தில் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் போன்றவற்றுக்குச் சிக்கலில்லை. பொருளியல், வணிகவியல், மனையியல், சமூகவியல், உளவியல் முதலிய பாடங்களில் இளங்கலை மட்டும் போதாது, முதுகலையும் முடித்திருக்க வேண்டும். பி.காம். முடித்துவிட்டு நேரே பி.எட். விண்ணப்பம் வாங்க வந்து திரும்பிப் போகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

ஒரு வருடத்தை மிச்சப்படுத்த வழி கேட்டால் நான்கு வருட ஒருங்கிணைந்த படிப்பைச் சொல்வேன். பட்டமும் பி.எட்.டும் சேர்ந்தே முடியும். ஐ.டி.இ.பி. என்ற பெயரில் வரும் இந்தப் படிப்புகளுக்கு தேசியத் தேர்வு முகமை (என்.டி.ஏ.) நடத்தும் என்.சி.இ.டி. நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். மைசூரில் என்.சி.இ.ஆர்.டி.யின் மண்டலக் கல்வி நிறுவனம் தென்மாநிலங்களுக்கென்றே இருக்கிறது. நம் பிள்ளைகள் அங்கே குறைவாகப் போவதற்குத் தூரத்தை விட, தெரியாமை முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

விளையாட்டு ஆசிரியராக விரும்புகிறவர்கள் பி.பி.எட். பக்கம் போக வேண்டும். சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் இதற்கென்றே தனிப் பல்கலைக்கழகம் உள்ளது.

ஒரு குழந்தை, ஒரு அறை

யாரும் கேட்காத, ஆனால் ஆள் போதாமல் தவிக்கிற பக்கம் இது. பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புக் கல்வி. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது சகஜம். படிப்பும் வேலையும் வேறு வேறு.

பேச்சுப் பயிற்சி அறை ஒன்றில் நடப்பதைச் சொல்கிறேன். இரண்டரை வயதுப் பையன், இன்னும் பேச்சு வரவில்லை. தெரபிஸ்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சோப்புக் குமிழி பாட்டிலைத் திறந்து நாலு குமிழி ஊதுகிறார். பையன் குதித்துக் குதித்து உடைக்கிறான். உடனே மூடியை இறுக்கித் திருகி பாட்டிலை அவன் கையிலேயே கொடுத்துவிடுகிறார். அவன் திருகிப் பார்க்கிறான், கடித்துப் பார்க்கிறான், வரவில்லை. அம்மாவிடம் நீட்டுகிறான். அம்மா கை நீட்டப் போக, "இருங்கம்மா, நீங்க வாங்காதீங்க. எங்கிட்ட வரட்டும்" என்கிறார் தெரபிஸ்ட். அறையில் யாரும் பேசவில்லை. பையன் சிணுங்குகிறான். கடைசியில் வந்து பாட்டிலை அவர் மடியில் வைத்துவிட்டு, ஒரு கணம் முகத்தைப் பார்த்து, உதட்டை ஒட்டிப் பிரித்து "ப்ப" என்கிறான். மூடி சட்டென்று திறக்கிறது, குமிழி பறக்கிறது. தெரபிஸ்ட் நோட்டில் ஒரு கோடு போடுகிறார். அன்றைக்கு மொத்தம் அப்படி மூன்று கோடு.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, முக்கால் மணி நேரம்; மிச்ச நேரமெல்லாம் குழந்தை வீட்டில்தான் இருக்கும். அதனால் அந்த அம்மாவுக்கு மூடியை ஏன் இறுக்கினோம் என்று சொல்லிக்கொடுப்பது பையனோடு விளையாடுவதற்குச் சமமான வேலை. இந்தத் துறையில் வருவோர் மறந்துவிடும் விஷயம், பாதி நேரம் நீங்கள் பெரியவர்களோடுதான் பேசிக்கொண்டிருப்பீர்கள். பாட்டி "அவங்க தாத்தாவுக்கும் நாலு வயசுலதான் பேச்சு வந்துச்சு" என்பார். அதற்கும் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

இதற்கான பட்டம் பி.ஏ.எஸ்.எல்.பி.; கடைசி வருடம் இன்டர்ன்ஷிப்போடு நான்கு வருடம். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு வேண்டும். மைசூரில் 1965 முதல் இயங்கும் ஆயிஷ் என்ற மத்திய அரசு நிறுவனம் இதில் முன்னோடி. சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திராவில் இந்தப் படிப்பு இருக்கிறது. தமிழ் பேசும் குழந்தைக்குத் தமிழில் பயிற்சி தரத் தெரிந்த ஆள் வேண்டும் என்பதால் நம் ஊரில் இந்தப் படிப்புக்கு வேலை தட்டுப்படாமல் போகாது.

ஆக்குபேஷனல் தெரபி என்பது பட்டன் போடுவது, பென்சில் பிடிப்பது, சத்தத்தைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடாமல் வகுப்பில் உட்காருவது போன்ற அன்றாடக் காரியங்களுக்கான பயிற்சி. பி.ஓ.டி. பட்டம். வேலூர் சி.எம்.சி.யிலும் எஸ்.ஆர்.எம்.மிலும் உண்டு. 2021இல் வந்த துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்துக்குப் பிறகு பாடத்திட்டம், கால அளவு, சேர்க்கை விதி எல்லாம் மாறிவருகின்றன. அண்ணன் அக்கா சேர்ந்த வருடத்து விதியை நம்பாமல் உங்கள் வருடத்து புராஸ்பெக்டஸை வாசியுங்கள்.

சிறப்புக் கல்வி, ஆசிரியராகவும் இருக்க வேண்டும், தனிக்குழந்தையையும் கவனிக்க வேண்டும் என்பவர்களுக்கு. பிளஸ் டூ முடித்து சிறப்புக் கல்விப் பட்டயம் படிக்கலாம், அல்லது பட்டத்துக்குப் பின் சிறப்புக் கல்வியில் பி.எட். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கும் நீப்மெட் என்ற தேசிய நிறுவனத்தில் இந்தப் படிப்புகள் நடக்கின்றன. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. பத்துக் குழந்தைக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் என்ற விகிதத்தைத் தொடக்க வகுப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் 2021இல் வலியுறுத்தியது. காகிதத்தில் தேவை பெரியது. நடைமுறையில் அரசுப் பள்ளிகளுக்குப் போகும் சிறப்புப் பயிற்றுநர்களில் பெரும்பாலோர் வருடக்கணக்காகத் தொகுப்பூதியத்திலேயே, ஒன்றியத்தின் பல பள்ளிகளுக்கு பஸ் ஏறிப் போய்வருகிறார்கள். தனியார் மையங்களில் நிலைமை கொஞ்சம் தேவலை. இதைத் தெரிந்துகொண்டு வருகிறவர்கள்தான் நிலைக்கிறார்கள்.

பேச்சுப் பயிற்சிக்கும் சிறப்புக் கல்விக்கும் ஆர்.சி.ஐ. பதிவு எண் வேண்டும். 1992 சட்டப்படி பதிவில்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தொடர்ந்து பயிலரங்குகளுக்குப் போய்ப் புள்ளி சேர்க்க வேண்டும். 'ஆறு மாதத்தில் ஆட்டிசம் தெரபிஸ்ட்' என்ற விளம்பரங்கள் இந்த எண்ணைப் பற்றி வாயே திறப்பதில்லை.

உளவியல்

இன்றைக்கு மிக அதிகம் பேர் கேட்கும் பட்டம் இதுதான், மிக அதிகம் பேர் ஏமாறுவதும் இதில்தான். பி.எஸ்ஸி. உளவியல் முடித்தால் குழந்தைகளுக்கு கவுன்சலிங் கொடுக்கலாம் என்று நினைக்கிறார்கள். இளங்கலை என்பது வாசற்படி மட்டும். பள்ளி கவுன்சலர் வேலைக்குப் பல பள்ளிகள் முதுகலை கேட்கும்; சி.பி.எஸ்.இ. இணைப்பு விதிகள் பள்ளியில் கவுன்சலரும் சிறப்புக் கல்வியாளரும் இருக்க வேண்டும் என்பதால் அங்கே இடம் உண்டு. மருத்துவ உளவியலாளராகி, சோதனை செய்து அறிக்கையில் கையெழுத்துப் போட, ஆர்.சி.ஐ. ஏற்ற மருத்துவ உளவியல் படிப்பும் பதிவும் வேண்டும். இவ்வளவு காலம் அது இரண்டு வருட எம்.ஃபில். ஆக இருந்தது. புதிய கல்விக் கொள்கையில் எம்.ஃபில். எடுபட்டுப் போனதால் அந்தப் படிப்பே வேறு வடிவங்களுக்கு மாறிக்கொண்டிருக்கிறது.

தொலைதூரக் கல்வியில் உளவியல் படிக்கலாம் என்று யாராவது சொன்னால் எந்த வருடத்துச் செய்தி என்று கேளுங்கள். 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளை அஞ்சல் வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது.

சமூகப்பணி

1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு ஓர் அழைப்பு வருகிறது: செங்கல் சூளையில் பத்து வயதுப் பையன் வேலை செய்கிறான். மீட்டு 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். வீட்டுக்குப் போய், அப்பா வாங்கிய முன்பணம் எவ்வளவு, அம்மா எங்கே, பையன் எந்த வகுப்பில் நின்றான் என்று விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். அடுத்த ஜூனில் அவன் பள்ளியில் இருக்கிறானா என்று பார்க்கவும் வேண்டும். 2012 போக்சோ சட்டமும் 2015 இளைஞர் நீதிச் சட்டமும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டிய வேலை இது. கொஞ்சல் கிடையாது, குழந்தையை அன்றைக்கு ஒரு முறை பார்த்துவிட்டு மீதி மாதம் முழுக்க ஃபைலும் போலீஸ் ஸ்டேஷனுமாக அலைவது உண்டு. மனம் கனத்துப்போய் இரண்டு வருடத்தில் விலகுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இதற்கான பட்டம் எம்.எஸ்.டபிள்யூ. ஒரு நல்ல செய்தி, பெரும்பாலான கல்லூரிகளில் எந்த இளங்கலை படித்தவரும் சேரலாம். பி.காம். முடித்துவிட்டு பி.எட்.டில் இடம் கிடைக்காமல் திரும்பிப் போகிறார்கள் என்று மேலே சொன்னேனே, அவர்களுக்கு இந்த வாசல் திறந்திருக்கிறது. எழும்பூரில் இருக்கும், 1952இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், லயோலா, கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி எல்லாம் பழைய பெயர்கள். சேர்ந்தபின் மனிதவள மேலாண்மைப் பிரிவை எடுக்கச் சொல்லி நண்பர்கள் இழுப்பார்கள், கம்பெனி வேலையும் சம்பளமும் அங்கே இருப்பதால். குழந்தைகளுக்காக வந்தவர் அங்கே போனால் திரும்பி வருவது அபூர்வம்.

பையன்களுக்கு ஒரு வார்த்தை. நர்சரி வகுப்புக்கு ஆண் ஆசிரியரை எடுக்கத் தனியார் பள்ளிகள் தயங்குகின்றன. சண்டை போட்டுப் பயனில்லை. பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி, விளையாட்டு, கூர்நோக்கு இல்லங்களில் ஆண்கள் மிகவும் தேவைப்படுகிறார்கள். வளர்ந்த ஆட்டிசப் பையனைக் குளிக்கப் பழக்கவும் சவரம் செய்யக் கற்றுக்கொடுக்கவும் ஆண் பயிற்றுநர் கிடைக்காமல் அல்லாடும் மையங்கள் எத்தனையோ.

மருத்துவம், நர்சிங் பற்றி இந்த நூலில் தனி அத்தியாயங்கள் இருப்பதால் இங்கே விரிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. குழந்தை மருத்துவம், பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து எம்.எஸ்ஸி.யில் குழந்தை நலம்: இரண்டிலும் குழந்தை என்பது பின்னால் வரும் முடிவு, முதல் பட்டத்தில் எல்லா வயது நோயாளியையும் பார்த்தாக வேண்டும்.

சேருமுன்

பிடிக்கும் என்பதைச் சோதித்துப் பார்க்க ஒரு கோடை விடுமுறை போதும். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மையங்களில் மாலை வகுப்பு எடுத்துவிட்டு வந்த பிள்ளைகள் என்னிடம் தெளிவாகப் பேசுவார்கள். "ஆறு வயசு முடியாது சார், பத்து வயசுன்னா ஓகே" என்று. தெருவில் டியூஷன் எடுங்கள், அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டு பத்து நாள் கூட இருங்கள், பக்கத்துச் சிறப்புப் பள்ளியில் உதவிக்குப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தின் வரவேற்பு வரிசையில் ஒரு காலைப்பொழுது நின்றாலும் நிறையத் தெரியும். நாலாவது நாளும் போகத் தோன்றுகிறதா என்பதைக் கவனியுங்கள். முதல் நாள் எல்லோருக்கும் இனிக்கும்.

கல்லூரியைப் பொறுத்தவரை அங்கீகாரம் கட்டடத்துக்குக் கிடையாது, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. ஒரே வளாகத்தில் பி.எட்.டுக்கு அனுமதி இருந்து, சிறப்புக் கல்விக்கு அனுமதி முடிந்துபோயிருக்கலாம். என்.சி.டி.இ. தென்மண்டலக் குழுவின் பட்டியலும் ஆர்.சி.ஐ.யின் பட்டியலும் இணையத்தில் இருக்கின்றன. ஆர்.சி.ஐ. பட்டியலில் எந்தக் கல்வியாண்டு வரை அனுமதி என்று போட்டிருக்கும். நீங்கள் சேரும் வருடம் அதற்குள் அடங்குகிறதா பாருங்கள்.

"வாரத்துக்கு ஒரு நாள் வந்தா போதும், அட்டெண்டன்ஸ் நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லும் பி.எட். கல்லூரிகள் உண்டு. விதிப்படி வகுப்புக்கு 80 சதவீதமும் பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதமும் வருகை வேண்டும். பள்ளிப் பயிற்சி மட்டும் 20 வாரம். அந்த 20 வாரத்தில்தான் முப்பது ஜோடிக் கண்கள் உங்களைப் பார்க்கும்போது கை நடுங்குவது நிற்கிறது. காசு கொடுத்து அதைத் தவிர்க்கிறவர்கள் முதல் வேலையில், யாரும் பக்கத்தில் நின்று திருத்தாத இடத்தில் நடுங்குகிறார்கள். எந்தப் பள்ளிக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள் என்று சேர்க்கை நாளன்றே பெயர் கேளுங்கள். முடிந்தால் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரிடம், இந்தக் கல்லூரிப் பிள்ளைகள் ஒழுங்காக வருகிறார்களா என்று விசாரியுங்கள். ஐந்து நிமிட வேலை.

மூலச் சான்றிதழ்களைக் கல்லூரியில் விட்டுவிட்டு வராதீர்கள். சேர்க்கையின்போது சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தர வேண்டும், பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இலேயே சொல்லிவிட்டது. ஆபீஸில் கேட்டால் 'எல்லாரும் குடுத்துட்டாங்களே' என்பார்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கையெழுத்திட்ட நகல் நாலு செட்டோடு போங்கள்.